அம்மாவோட பழைய காட்டன் சேலைங்கள கையாலயே தச்சு போர்வை ஆக்க முடியுமா?

முத்தியால்பேட்டை_மீனா:
அம்மா தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. பீரோல அவங்க கட்டின காட்டன் சேலை 11 இருக்கு, சின்னாளப்பட்டி சுங்குடிதான் அதிகம், யாருக்கும் குடுக்க மனசு வரல. வெட்டி ஒட்டுப் போர்வை மாதிரி தைக்கணும்னு ஆசை. மெஷின் கிடையாது, ஊசி நூல் மட்டும்தான். ராத்திரி வேலையெல்லாம் முடிஞ்சு அரை மணி நேரம் கிடைக்கும். கையால தச்சா நிக்குமா? நடுவுல பஞ்சு வெக்கணுமா? பாண்டி வெயிலுக்கு அத போத்திக்க முடியுமான்னும் யோசனையா இருக்கு.

மஞ்சக்குப்பம்_தையல்:
தாராளமா தைக்கலாம் மீனா, நான் கடலூர்ல உக்காந்து மூணு போர்வை கையாலயே முடிச்சிருக்கேன், முதல் போர்வைக்கு ஒரு வருஷம் ஆச்சு, இப்பவும் துவைச்சு துவைச்சு போத்திக்கிட்டுதான் இருக்கோம். பஞ்செல்லாம் வேண்டாம்மா, நம்ம ஊருக்கு நடுவுல ஒரு பழைய வேட்டி போதும், ஐப்பசி கார்த்திகை மழைக்கு அவ்வளவு இதமா இருக்கும்.

முதல்ல ஒவ்வொரு சேலையையும் ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க, நைஞ்சு போன இடம் தெரிஞ்சிடும், அத ஒதுக்கிடுங்க. சுங்குடில சிலது சாயம் விடும், தனித்தனியா அலசி காயவெச்சு அயர்ன் பண்ணிட்டுதான் கத்திரிக்கோல் எடுக்கணும். எடுத்ததும் பெருசா போகாதீங்க. அட்டைல 5 இஞ்ச் சதுரம் வெட்டி அத அளவா வெச்சு 64 துண்டு எடுங்க, சுத்தி கால் இஞ்ச் தையலுக்குப் போக 8க்கு 8 சேத்தா 36 இஞ்ச் வரும், குழந்தைக்குப் போத்தற அளவு.

அப்புறம் மேல் துணி, வேட்டி, அடித்துணி மூணையும் விரிச்சு, நகராம இருக்க பெரிய பெரிய தையலா லூஸா ஓட்டிக்கோங்க, கடைசில பிரிச்சிடலாம். அது மேலதான் அசல் தையல், ஊசிய மேல கீழன்னு விட்டுட்டே நேரா போற சாதா ஓட்டத் தையல்தான். ஆங்கர் எம்பிராய்டரி நூல்ல 6 இழை இருக்கும், ரெண்டு இழை பிரிச்சு எடுங்க. நூல் ஒரு முழத்துக்கு மேல வேண்டாம், நீளமா எடுத்தா சிக்கிக்கும். முடிச்ச மெல்ல இழுத்து துணிக்கு உள்ள விட்டுட்டா வெளிய தெரியாது.

நூலும்_நானும்:
வெட்ட மனசு வரலன்னா வெட்டாமலே தைக்கலாம் அக்கா. வங்காளத்துல காந்தான்னு சொல்வாங்க, பழைய சேலைய மடிச்சு அடுக்கி நேரா ஓட்டத் தையல் போட்டுட்டே போவாங்க, அந்தக் காலத்துல சேலை கரைலேர்ந்தே நூல உருவி அதாலயே தைப்பாங்களாம். தச்சு முடிச்சதும் துணி சின்ன சின்ன அலையா சுருங்கும் பாருங்க, அத தடவிப் பாக்கறதுக்கே இன்னொன்னு தைக்கத் தோணும்.

நீங்க பாண்டிலயே இருக்கீங்க, ஒருநாள் ரோமன் ரோலண்ட் தெருல குளூனி சிஸ்டர்ஸ் நடத்தற எம்பிராய்டரி சென்டர போய்ப் பாருங்க, அங்க பெண்கள் கையாலயே போடற பூ வேலையப் பாத்தா ஊசியப் பத்தின பயமே போயிடும். வெட்டினதுல மிஞ்சற துண்டையும் தூக்கிப் போடாதீங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் ஆரோவில்ல மீனவப் பெண்கள் மிச்சத் துணிலயே சுனாமிகான்னு குட்டி பொம்மை தச்சாங்க இல்லையா, துணி எவ்வளவு சின்னதா இருந்தாலும் அதுக்கு ஒரு வேலை இருக்கு.

கடற்கரை_குமார்:
ஒரே ஒரு விஷயம், நம்ம உப்புக் காத்துக்கு ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும், அந்தத் துரு வெள்ளைத் துணில ஏறினா லேசுல போகாது. துணிலயே குத்தி வெச்சுட்டு தூங்கிடாதீங்க, மூடி இருக்கற டப்பால போட்டு வைங்க.

முத்தியால்பேட்டை_மீனா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரியே எல்லா சேலையையும் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன். கீழ்க்கரைதான் நைஞ்சிருக்கு, சேலையோட உடல் பகுதி நல்லாதான் இருக்கு. பச்சை சுங்குடில முந்தானைகிட்ட அம்மாவே ஒட்டுப் போட்டு தச்ச ஒரு இடம் இருக்கு, அவ்வளவு பொடித் தையல், இத்தனை நாள் என் கண்ணுலயே படல. அத ஒதுக்கிடவா அக்கா?

மஞ்சக்குப்பம்_தையல்:
ஒதுக்காதீங்கம்மா. அத முழுசா எடுத்து போர்வைக்கு நட்ட நடுவுல வைங்க. அது மேல நீங்க தையல் ஓட்ட வேண்டாம், சுத்தி மட்டும் ஓட்டுங்க.