உறைபனியில் தப்பிய ஓட்ஸ் செடியிலிருந்து சொந்த ரகம் எடுக்க முடியுமா?

கேத்தி மாட்டுக்காரன்:
கேத்திப் பள்ளத்தாக்கில் முக்கால் ஏக்கர், ஐந்து ஜெர்சி கலப்பு மாடுகள். கேரட் எடுத்த நிலத்தில் அக்டோபர் கடைசியில் தீவன ஓட்ஸ் விதைத்தேன். கடையில் ‘கென்ட்’ ரகம் என்றுதான் கொடுத்தார்கள், மூட்டையில் சீட்டு இல்லை. கதிர் தள்ளும் நேரத்தில் மூன்று நாள் விடாமல் உறைபனி. வயல் முழுக்க வெந்நீர் ஊற்றியதுபோல் ஆகிவிட்டது. 23 செடிகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன. 19 மேல் வரப்பில், சில்வர் ஓக் மரங்களை ஒட்டி. மீதி 4 கீழே ஓடைப் பள்ளத்தில். எல்லாவற்றுக்கும் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். விதை எடுத்துப் பெருக்கினால் பனி தாங்கும் ரகம் கிடைக்குமா? வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ஓட்ஸ்காரர்:
சிரிக்க ஒன்றுமில்லை தம்பி. வடக்கே ஓட்ஸ் கலப்பு வேலையிலேயே தலை நரைத்தவன் நான். முதலில் அந்த 19 துணிகளை அவிழ்த்துவிடுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்கும். மேல் வரப்புச் செடிகளைக் காப்பாற்றியது மேடும் மரமும்தான். பள்ளத்தில் நின்ற 4 பேரைப் பற்றிப் பேசுவோம்.

அவை கதிர் தள்ளியிருந்தனவா, இலையாகவே இருந்தனவா? ஓட்ஸின் குருத்து இளமையில் மண்ணை ஒட்டிப் பத்திரமாக இருக்கும், கதிர் மேலே வந்தபின்தான் பனி கொல்லும். தாமதமாகக் கதிர் விடும் செடி பனியைத் தாங்கியது அல்ல, தப்பித்தது. ஆனால் தீவனத்துக்கு அதுவும் நல்ல குணம்தான், இலை நிறையக் கிடைக்கும். நாம் குளிரில் விதைத்தாலும் கென்ட் வசந்தகால இனம். அசல் குளிர்கால ஓட்ஸ் பல வாரம் குளிர் வாங்காவிட்டால் கதிர் விடவே தாமதிக்கும்.

இன்னொன்று. விதை சுத்தமான ஒரே வம்சம் என்றால் செடிகளுக்குள் பரம்பரை வேறுபாடு இருக்காது, பொறுக்கிப் பயனில்லை. டென்மார்க்கின் தாவரவியலாளர் ஜொஹான்சன் 1903-லேயே இதைப் பீன்ஸில் காட்டிவிட்டார். சீட்டில்லாத மூட்டை கலப்படமாக இருக்க வாய்ப்பு உண்டு. உங்களுக்கு அதுதான் அதிர்ஷ்டம்!

ஓட்ஸ் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு செடியின் விதையையும் தனி உறையில் போடுங்கள், கலக்கவே கூடாது. அடுத்த அக்டோபரில் அதே பள்ளத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, நடுநடுவே சாதாரண கென்ட். வரிசை முழுக்க நின்றால் எழுதுங்கள்.

கலப்பு செய்யும் ஆசை இப்போதைக்கு வேண்டாம். உமியை விரித்து, முதிராத மூன்று மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுக்கவேண்டும். ஒன்று நசுங்கினாலும் பூ போச்சு. அறுபது பூ தொட்ட நாளில் ஏழு விதை தேறினால் உதவியாளருக்கு டீ வாங்கிக் கொடுப்பேன். அதற்கப்புறம் குணம் நிலைக்க ஐந்தாறு தலைமுறை. கோதுமைக்காரர்கள் ஆண்டுக்கு இரண்டு தலைமுறை எடுக்கக் கோடையில் விதையை நம் குன்னூர் பக்கத்து வெலிங்டனுக்கு அனுப்புவார்கள். உங்களுக்கு அது பஸ்ஸில் போகிற தூரம்.

குன்னூர் அக்கா:
ரகம் இருக்கட்டும் தம்பி, பனி பட்ட மீதியை மாட்டுக்குப் போட்டுவிடவில்லையே? கேரட்டுக்கு உரம் கொட்டிய நிலம். வாடிய ஓட்ஸ் தண்டின் அடியில் நைட்ரேட் சேரும், அளவு மீறினால் மாட்டுக்கு அது விஷம். சில நாள் விட்டு, அடியை உயர்த்தி அறுங்கள். வைக்கோலோடு கலந்து கொஞ்சமாகப் போடுங்கள். பசித்த மாட்டுக்கு முதலில் அதைக் காட்டாதீர்கள்.

கேத்தி மாட்டுக்காரன்:
நல்லவேளை அக்கா, இன்னும் அறுக்கவில்லை. சார், இப்போதுதான் பள்ளத்துக்குப் போய்ப் பார்த்தேன். 4-ல் 3 இன்னும் இலைதான். ஒன்று மட்டும் கதிர் முழுக்கத் தள்ளி, மணி பிடித்து நிற்கிறது. அழுத்தினால் பால் வருகிறது. குருவி கண்ணில் படுமுன் கொசுவலையைக் கிழித்துக் கட்டிவிட்டேன். கொசுவலை விஷயம் வீட்டில் இன்னும் தெரியாது.