ஒரே அறையில் ஐந்து வகுப்பு: மற்ற நான்கு வகுப்புக்கும் என்ன வேலை கொடுப்பது?

புதுவாத்தியார்:
வணக்கம். சின்னக் கிராமத்தில் ஓராசிரியர் தொடக்கப்பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் 21 பிள்ளைகள். இரண்டாம் வகுப்பில் இரண்டே பேர், மூன்றில் ஏழு பேர். எல்லாருக்கும் ஒரே அறை. ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினால் ஒன்றாம் வகுப்பு ஜன்னலில் ஏறி நிற்கிறது. அங்கே ஓடினால் பெரியவர்கள் "எழுதி முடிச்சிட்டோம் சார்" என்று நோட்டை நீட்டுகிறார்கள். பயிற்சியில் படித்ததெல்லாம் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில்தான். சும்மா "பார்த்து எழுது" என்று உட்காரவைக்க மனசு வரவில்லை. பெரிதாகச் செலவில்லாமல் எல்லாரையும் வேலையில் வைக்க வழி உண்டா?

பழைய சிலேட்டு:
தம்பி, ஓய்வு பெறும் வரை நானும் இப்படிப்பட்ட பள்ளியில்தான் இருந்தேன். முதலில் பாடவேளை அட்டவணையை மறந்துவிடுங்கள். (மேலிருந்து யாராவது வந்தால் காட்ட ஒன்று சுவரில் தொங்கட்டும், அது வேறு.) ஐந்து வகுப்புக்கு ஐந்து பாடம் என்று நாளைக் கூறுபோட்டால் ஒருவருக்கும் உருப்படியாக எதுவும் கிடைக்காது. ஒரே பொருளை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வகுப்பு ஆழத்தை மாற்றுங்கள்.

வெயில் அடிக்கிற நாளில் முற்றத்தில் ஒரு குச்சியை நேராக நடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒன்றாம் வகுப்பு ஒரு கல் வைக்கும், கற்களை எண்ணும். இரண்டாம் வகுப்பு நிழலைச் சாணால் அளக்கும். இவன் சாணுக்கு ஆறு, அவள் சாணுக்கு ஏழு என்று சண்டை வரும். வரட்டும், நீங்கள் தலையிட வேண்டாம். அந்தச் சண்டை முற்றிய பிறகு மூன்றாம் வகுப்பு கையில் அளவுகோலைக் கொடுங்கள். சென்டிமீட்டர் எதற்கு என்று அப்புறம் ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்காது. நான்காம் வகுப்பு நேரத்தையும் நீளத்தையும் அட்டவணை போடும், ஐந்தாம் வகுப்பு அதை வரைபடமாக்கும்.

பகல் பன்னிரண்டுக்குத்தான் நிழல் மிகக் குட்டை என்று எல்லாப் பிள்ளையும் சத்தியம் செய்யும். பெரும்பாலான ஊர்களில் அப்படி இருக்காது. கடிகாரம் நாடு முழுவதற்கும் பொதுவாக வைத்த நேரம். சூரியன் ஒவ்வோர் ஊரையும் தனித்தனியாகக் கடக்கிறது, தீர்க்கரேகையில் ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம். நீங்கள் முன்கூட்டியே சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள், கற்கள் சொல்லட்டும். மிகக் குட்டை நிழல் விழுந்த கோட்டைச் சுண்ணாம்பால் இழுத்தால் வடக்கு தெற்கு கிடைத்துவிடும். ஊரின் நிலப்படம் வரையும் பாடத்துக்கும் அதுவே ஆதாரம்.

மழைக்காலம் என்றால் மழைமானி. பிள்ளைகளே பதிவேடு எழுதட்டும். மழை பெய்யாத நாளிலும் 0 என்று எழுத வேண்டும். அதை விட்டுவிடத்தான் எல்லாரும் பார்ப்பார்கள்.

ஒன்று மட்டும் இந்த வழிக்கு ஒத்து வராது, வாசிப்பு. எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு உங்கள் முகம் எதிரே இருந்தாக வேண்டும். காலையில் முதல் ஒரு மணி நேரத்தை ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கே ஒதுக்கிவிடுங்கள். பெரியவர்களுக்கான வேலையை முந்தின நாள் மாலையே கரும்பலகையில் எழுதி வையுங்கள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை எழுதிய அட்டைகள் ஒரு பெட்டியில் இருந்தால் நோட்டை நீட்டுகிற கூட்டம் பாதியாகக் குறையும்.

ஐந்தாம்வகுப்பு அம்மா:
பெற்றோராக ஒரு வார்த்தை. என் மகள் இப்படிப்பட்ட பள்ளியில்தான் படிக்கிறாள். கெட்டிக்காரி என்பதால் நாள் முழுக்கச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கும் வேலை. வீட்டுக்கு வந்தால் அவளுக்கு வகுத்தலில் மீதி எங்கே போடுவதென்று தெரியவில்லை. பெரிய பிள்ளைகளைச் சம்பளமில்லாத டீச்சராக்காதீர்கள்.

ஏட்டுச்சுவடி:
அம்மா சொல்வது பழைய வழக்கு. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை (வாத்தியாருக்கு உதவும் மூத்த மாணவன்) செய்த வேலைதான் இது. 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதைத் தன் பள்ளியில் புகுத்தினார். பெரிய பையன்களையே சின்னவர்களுக்கு ஆசிரியராக்கினார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டதும் 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்தில் பரவியது. குறைந்த செலவில் நிறையப் பேருக்கு எழுத்து வந்தது. ஆனால் கிளிப்பிள்ளைப் பாடமாகிவிட்டது என்ற குறையும் கூடவே வந்தது.

பழைய சிலேட்டு:
அந்த அம்மா சொல்வது நியாயம். ஒரு நாளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரே பிள்ளையிடம் தள்ளாமல் முறை வைத்து மாற்றுங்கள். தடுமாறி வாசிக்கிற ஐந்தாம் வகுப்புப் பையனை ஒன்றாம் வகுப்புக்குக் கதை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். எளிய புத்தகத்தைக் கையில் எடுக்க அவனுக்கு வெட்கமில்லாத ஒரே இடம் அதுதான். வாசிப்பதற்கு முந்தின நாள் வீட்டில் அவன் ரகசியமாக ஒத்திகை பார்ப்பான்.

புதுவாத்தியார்:
நன்றி டீச்சர். நிழல் வேலையைத் திங்கட்கிழமை தொடங்குகிறேன். மழைமானிக்கு எந்த டப்பா வேண்டும்? கடையில் வாங்கியாக வேண்டுமா?

பழைய சிலேட்டு:
வாங்க வேண்டாம். அடி தட்டையாக, அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமாக இருக்கிற எந்த டப்பாவும் போதும். சிறிதா பெரிதா என்பது பொருட்டில்லை, நீரின் உயரம்தான் கணக்கு. சுவரையும் மரத்தையும் விட்டுத் தள்ளி, காற்றில் சாயாதபடி செங்கல் அண்டக்கொடுத்து வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அளந்துவிட்டுக் கொட்டிவிட வேண்டும். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். பள்ளிக் கூரை 40 சதுர மீட்டர், மழை 25 மி.மீ. என்று ஐந்தாம் வகுப்பிடம் விட்டுவிடுங்கள். 1000 லிட்டர் வரும், நம்பாமல் இன்னொரு முறை பெருக்குவார்கள்.