மூக்கு அறுவை சிகிச்சையும் ஒரு வரி கூடிய ஒப்புதல் படிவமும்

முகத்தில் அழகுக்கான அறுவை சிகிச்சை செய்து பாதிக்கப்பட்டவர்கள் வெளியே பேசுவதே இல்லை. "நல்லா இருந்த மூக்கை எதுக்குக் கெடுத்துக்கிட்ட" என்று சொந்தபந்தம் கேட்கும் என்ற பயத்தில் எங்கள் வீட்டிலும் ஐந்து மாதம் வாயைத் திறக்கவில்லை. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் இருக்கிறோம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தங்கை, மூக்குத் தண்டின் மேலிருந்த சிறு மேட்டைக் குறைப்பதற்காகத் தன் சம்பளத்தில் சேர்த்த 1,40,000 ரூபாயைக் கட்டி, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள்.

வீக்கம் வடிய வடிய, மூக்கின் நடுப்பகுதி குதிரைச் சேணம்போல் குழிந்துகொண்டே வந்தது. ஒரு பக்கம் அடைத்துக்கொள்வதால் இரவில் வாயைத் திறந்தபடிதான் தூங்குவாள். அம்மா எழுந்து, "அம்மணி, செத்த நேரம் நிமிந்து உக்காரு கண்ணு" என்று முதுகுக்குத் தலையணை வைப்பார். அறுவை செய்த மருத்துவர் ஒவ்வொரு முறையும் பொறுத்திருக்கச் சொன்னாரே தவிர, வேறு எதையும் சொல்லவில்லை.

பின்னர் அரசு மருத்துவமனையில் பார்த்த பிளாஸ்டிக் சர்ஜன், ஓ.பி. சீட்டின் பின்புறத்தில் தலைகீழான 'ட' ஒன்றை வரைந்து காட்டினார். மூக்கின் நடுச்சுவரிலிருந்து குருத்தெலும்பை எடுக்கும்போது, மேல் ஓரத்திலும் முன் ஓரத்திலும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு விட்டுவைக்க வேண்டும் என்றும், அந்தத் தாங்குதல் போய்விட்டால் தண்டு இறங்கிவிடும் என்றும் விளக்கினார். எங்களுக்குத் திகைப்பாக இருந்தது. நடுச்சுவரைத் தொடப்போவதாக எங்களிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை.

கேஸ் ஷீட்டைக் கேட்டபோது, கொடுக்கும் வழக்கம் இல்லை என்றார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்வதை எங்கள் வக்கீல் எடுத்துக் காட்டினார். அதைக் குறிப்பிட்டு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பிய பிறகே நகல் வந்தது. ஒப்புதல் படிவத்தில் "மேடு குறைத்தல்" என்பதற்குக் கீழே, நடுச்சுவரைச் சீரமைப்பதற்கும் சம்மதம் என்று ஒரு வரி இருந்தது. ஆனால் அறுவை சிகிச்சை நாளன்று காலையில், தங்கை கையெழுத்துப் போட்ட உடனே அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். அதில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

முதலில் போலீசுக்குப் போகத்தான் நினைத்தோம். மருத்துவர் மீது குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்று வக்கீல் விளக்கினார். விளைவு கெட்டுப்போனது என்பதால் மட்டுமே அது அலட்சியம் ஆகிவிடாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அவர் நம்பியது ஒப்புதலைத்தான்: ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், கேட்காமல் செய்த வேறொன்றுக்குச் செல்லாது என்பது 2008ஆம் ஆண்டின் சமீரா கோலி தீர்ப்பு. அழகுக்கான சிகிச்சையில் அவசரம் என்று எதைக் காட்ட முடியும்?

1995ஆம் ஆண்டு வி.பி. சாந்தா தீர்ப்பிலிருந்தே கட்டண மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின் புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால், கோவைக்கு அலையாமல் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தாக்கல் செய்தோம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் தாக்கல் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். வெட்கப்பட்டு வீணாக்கிய அந்த ஐந்து மாதமும் இந்தக் கணக்கில் கழிந்தவைதான் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

எதிர்த்தரப்பு பதில் மனு கொடுத்துவிட்டது. அந்த வரி கையெழுத்துக்கு முன்பே எழுதப்பட்டது என்கிறார்கள். விலா எலும்புப் பக்கத்துக் குருத்தெலும்பை எடுத்து மூக்கைத் தூக்கி நிறுத்தலாம் என்று அரசு மருத்துவர் சொல்லியிருக்கிறார். தங்கை இன்னும் சம்மதிக்கவில்லை. அந்தப் படம் இருக்கும் போனை யாரும் தொடாதபடி, ஒரு மஞ்சள் பையில் சுற்றி அம்மா பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். அடுத்த வாய்தாவுக்கு அதை எடுத்துப் போக வேண்டும்.