கலைச்சொல் உதவி: ஃப்ளோ சைட்டோமெட்ரி, செல் சார்ட்டர்

மொழிபெயர்ப்பாளர், மதுரை:
வணக்கம். நோயெதிர்ப்பியல் அறிஞர் லெனர்ட் ஹெர்சன்பெர்க் பற்றிய கட்டுரையை மாணவர் இதழுக்காகத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை தரவேண்டும். ஸ்டான்ஃபோர்டில் நுண்ணோக்கியில் கண்வைத்து ஒளிரும் செல்களை எண்ணிச் சலித்துப்போனவர். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மாக் ஃபுல்வைலர் 1965-இல் செய்த கருவியின் வரைபடங்களைப் பெற்று, உயிருள்ள செல்களை ஒளிர்வைக்கொண்டு பிரிக்கும் கருவியைத் தம் குழுவோடு உருவாக்கினார். செல்களை நீரோட்டத்தில் லேசர் ஒளி வழியே விட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியை 'பாய்வு உயிரணு அளவியல்' என்றும், அவற்றைப் பிரிக்கும் செல் சார்ட்டரை 'ஒளிர்வுவழி உயிரணுப் பிரிப்பி' என்றும் எழுதியிருக்கிறேன். வாசித்தால் மூச்சு முட்டுகிறது.

தமிழாசிரியர், தஞ்சை:
பாய்வு பொருந்தாது. வயலில் நீர் பரவிப் பாயும். இங்கே செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தானே லேசரைக் கடக்கின்றன? முட்டை சுமந்து வரிசையாகப் போகும் எறும்புகளைப் புறநானூறு (173) 'சில் ஒழுக்கு' என்கிறது. ஒழுங்கும் அதே வேர். 'ஒழுக்களவியல்' என்போம். 'செல்' வேண்டாம், தமிழில் அது கறையான்.

உயிரியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்:
ஐயா, எறும்பு உவமை அழகுதான். ஆனால் ஒழுக்கு என்றால் என் பிள்ளைகள் மழைக்கு ஒழுகும் கூரையை நினைப்பார்கள், இல்லாவிட்டால் ஒழுக்கத்தை. எங்கள் பாடநூல்களில் 'கலம்'. குருதியில் செங்குழியம், வெண்குழியம். 'கல அளவியல்' என்றால் இங்கே உடனே விளங்கும்.

தமிழாசிரியர், தஞ்சை:
கலம் எங்களுக்கு நெல் அளவு, அம்மா. பன்னிரண்டு மரக்கால். 'கல அளவு' என்றால் இங்கே களத்துமேட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஆய்வக நுட்பர், வேலூர்:
எச்.ஐ.வி. நோயாளிகளின் சி.டி.4 (ஒருவகை நோயெதிர்ப்பு வெள்ளணு) எண்ணிக்கையை இந்தக் கருவியில்தான் பார்க்கிறோம். நாங்கள் கேட்பது 'ஃப்ளோ போட்டாச்சா?' என்றுதான். 'ஓட்டம்' போதும். சார்ட்டருக்கு 'கொழிப்பி' எப்படி? அம்மா முறத்தில் கொழிக்கும்போது அரிசி ஒருபுறம், கல் ஒருபுறம் போகும். கருவியும் வேண்டிய செல் இருக்கும் துளிக்கு மின்னூட்டம் கொடுத்து ஒருபுறம் ஒதுக்குகிறது.

இன்னொன்று. ஹெர்சன்பெர்க்கும் சொல் படைத்தவர்தான். 1976-77இல் கேம்பிரிட்ஜில் நோயெதிர்ப்பியல் அறிஞர் மில்ஸ்டைனின் ஆய்வகத்தில் இருந்தபோது, எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லையும் புற்றுச் செல்லையும் இணைத்து உருவாக்கிய செல்லுக்கு 'ஹைப்ரிடோமா' என்று பெயரிட்டார். முன்பாதி லத்தீன், பின்பாதி கிரேக்கம். கலந்த செல்லுக்குக் கலந்த சொல். நாமும் 'செல்' என்பதை வைத்துக்கொண்டால் என்ன குறை?

தமிழாசிரியர், தஞ்சை:
கொழிப்பியை மனமார ஏற்கிறேன். அவர்கள் கலந்தார்கள் என்பதற்காக நாமும் கலக்க வேண்டுமா? செல்லுக்கு உடன்படமாட்டேன். உயிரணு என்றே எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:
எல்லோருக்கும் நன்றி. வேலூர் நண்பர் பக்கம் சாய்ந்து, 'ஓட்டச் செல் அளவியல்', 'செல் கொழிப்பி' என்று அனுப்பிவிடுகிறேன். முதல் முறை வரும்போது அருகில் 'உயிரணு', 'கலம்' இரண்டையும் தருகிறேன்.

உயிரியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்:
சரி. வகுப்பில் நான் 'கலக் கொழிப்பி' என்றுதான் சொல்லுவேன்.