சோழர்களை மேலே தூக்கியது காவிரியா, திருப்புறம்பியமா?

ஆடுதுறை_நெல்:
திருப்புறம்பியம் சாட்சிநாதர் கோயிலுக்குப் போயிட்டு வந்தவர் ஒருத்தர், "இங்கே நடந்த போர்தான் சோழப் பேரரசை உண்டாக்கிச்சு"ன்னு எழுதியிருக்கார். ஒரு சண்டை அத்தனை தலைமுறைக்குச் சோறு போடுமா? கி.பி. 850 வாக்குல சோழன் விஜயாலயன், அந்தப் பகுதியை ஆண்ட குறுநில மன்னர்கள் முத்தரையர் கிட்டேயிருந்து தஞ்சாவூரைப் பிடிச்சப்பவே விஷயம் முடிஞ்சுது. வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு பாயுற வண்டல் பூமிங்க. நெல்லு இருந்தா படை தன்னால சேரும்.

பழையாறைக்காரன்:
அண்ணே, அதே பூமிதானே முத்தரையர் கையிலயும் இருந்துச்சு? செந்தலைக் கோயில் தூண் கல்வெட்டுகள்ல பெரும்பிடுகு முத்தரையர் புகழைப் படிச்சுப் பாருங்க. நெல்லு ஏன் அவங்களைப் பேரரசர் ஆக்கல? சோழர்களும் அப்போ பல்லவருக்கு அடங்கின குறுநிலக்காரங்கதான். 880களில் திருப்புறம்பியத்துல பாண்டியன் வரகுணன் தோத்தான், பல்லவன் பக்கம் நின்ன கங்க மன்னன் பிருதிவீபதி களத்துலயே செத்தான். ஜெயிச்ச பல்லவ மன்னன் அபராஜிதனும் இளைச்சுப் போனான். லாபம் அவன் கூட நின்ன விஜயாலயன் மகன் ஆதித்தனுக்கு. சில வருஷம் கழிச்சு அதே அபராஜிதனை யானை மேல பாய்ஞ்சு கொன்னான்னு கன்னியாகுமரிக் கல்வெட்டு சொல்லுது. கூட்டாளியையே! இது நெல்லு செஞ்ச வேலையா?

நாகை_கரை:
நாகப்பட்டினம் துறைமுகத்தை ரெண்டு பேருமே விட்டுட்டீங்களே?

பழையாறைக்காரன்:
அங்கே இருந்த சூடாமணி விகாரம்ங்கிற பௌத்தப் பள்ளி, அதுக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடையா கொடுத்தது எல்லாம் ராஜராஜன் காலத்து சமாச்சாரம் தம்பி. நாம பேசுறது அதுக்கு நூறு வருஷம் முந்தி.

ஆடுதுறை_நெல்:
சரி, தந்திரம்தான்னே வெச்சுக்குவோம். அப்போ 949 தக்கோலம் போருக்கு என்ன சொல்றீங்க? ராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணன் படையெடுத்து வந்தான். சோழப் பட்டத்து இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே செத்தான், தொண்டை மண்டலம் கைவிட்டுப் போச்சு. வெறும் அதிர்ஷ்டத்துல வளர்ந்த அரசா இருந்தா அதோட காணாமப் போயிருக்கும். போகலையே! 985ல ராஜராஜன் பட்டம் ஏறினான், 1010ல பெரிய கோயில் எழும்பிடுச்சு. அடி வாங்கினவன் திரும்பி எழுந்திரிக்க வீட்டுல சோறு வேணும். அந்தச் சோறு டெல்டாவுலதான் இருந்துச்சு. கோயில் கல்வெட்டுல நெல் அளக்குற மரக்காலுக்கே 'ஆடவல்லான்'னு நடராஜர் பேரை வெச்சு நெல்லு அளந்திருக்காங்க, வேற என்ன சாட்சி வேணும்?

பழையாறைக்காரன்:
அதே கோயில் கல்வெட்டுலதான் ஈழத்து ஊர்கள் நெல்லு தரணும்னும் வெட்டியிருக்கு. டெல்டா நெல்லே போதும்னா கடல் தாண்டி எதுக்கு அளக்கச் சொன்னாங்க? சொல்லுங்கண்ணே.