லிங்கனின் கடிதங்களைப் படியெடுத்த இரவுகள்

ஆபிரகாம் லிங்கனின் கடிதப் போக்குவரத்து வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) நூலகத்தில் இருக்கிறது. அந்தக் கையெழுத்துப் பக்கங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்து தர, 2018 அக்டோபரில் பொதுமக்களை அழைத்தார்கள். வீட்டிலிருந்தே செய்யலாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு பக்கம் என்று நானும் உட்கார்ந்தேன்.

முதல் பக்கமே திணறடித்தது. வேலை கேட்டு யாரோ எழுதியது. 'காங்கிரஸ்' என்ற சொல்லின் கடைசியில் எஃப் மாதிரி ஓர் எழுத்து. பிழையாக எழுதிவிட்டார் என்றே நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, இரண்டு எஸ் சேர்ந்து வந்தால் முதல் எஸ்ஸை அப்படி நீட்டி இழுப்பது அந்தக் காலத்து வழக்கமாம். ஒரு வாரத்தில் கண் பழகிவிட்டது.

பிழை இருந்தாலும் திருத்தக் கூடாது, உள்ளபடியே அடிக்க வேண்டும் என்பது விதி. எனக்கு மிகவும் பிடித்த விதி. மகனைப் பட்டாளத்திலிருந்து விடுவிக்கச் சொல்லி மன்றாடும் ஒரு தாய், காதில் விழுந்தபடி எழுத்துக்கூட்டி எழுதியிருப்பார். அதைத் திருத்தினால் அவர் குரலே போய்விடும்.

ஆனால் என்னை உலுக்கியது லிங்கனே எழுதிய ஒரு கடிதம். தேதி 1863 ஜூலை 14. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த சமயம். கெட்டிஸ்பர்க் சண்டையில் வென்ற லிங்கன் தரப்புத் தளபதி ஜெனரல் மீட், தோற்றுப் பின்வாங்கிய தென்மாநிலத் தளபதி லீயின் படையைப் போட்டோமக் ஆற்றைத் தாண்டவிட்டார். லிங்கன் முதலில் நன்றி சொல்கிறார். 'மிக' என்று எழுதி, ஒரு கோடு போட்டு, மறுபடியும் 'மிக' என்கிறார். போகப் போக மனம் வெடிக்கிறது: பொன்னான வாய்ப்பு போய்விட்டது, அளவில்லாத வேதனைப்படுகிறேன் என்கிறார். உறையின் மேல் அவர் கையாலேயே ஒரு குறிப்பு: ஜெனரல் மீடுக்கு, அனுப்பவில்லை, கையெழுத்திடவும் இல்லை.

அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு வேறு எதையும் அடிக்க முடியவில்லை. அத்தனை கோபத்தையும் கொட்டிவிட்டு, ஜெயித்து வந்தவனின் மனம் புண்படக் கூடாது என்று நிறுத்திக்கொண்டாரே! கிழித்தும் போடவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறார்.

தந்தையின் காகிதங்களை நூலகத்துக்குக் கொடுத்த மகன் ராபர்ட், தான் இறந்து 21 ஆண்டுகள் கழித்தே திறக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். 1947 ஜூலை 26 அன்றுதான் அவை ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன.

இப்போதெல்லாம் எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் உறையையும் பின்பக்கத்தையும்தான் பார்க்கிறேன். பெரும்பாலும் எழுதியவர் பெயரும் தேதியும்தான் இருக்கும். அதற்கு மேல் ஏதாவது உங்கள் கண்ணில் பட்டிருந்தால் அவசியம் எழுதுங்கள்.