ஓ-டவுன் பாட்டை நாலு பேர் பாடினால் நிக்குமா?

ரப்பர்காட்டுக் குரல் (அருமனை)

எல்லாருக்கும் வணக்கம். ஓ-டவுன்னு ஒரு அமெரிக்கக் குழு இருந்துது, அஞ்சு பையன்மாரு. யாருக்காவது ஓர்மை இருக்கா? 2001ல எனக்க மாமா மஸ்கட்ல இருந்து லீவுக்கு வந்தப்போ கோடாலித் தைலம், டாங் டப்பாவோட அவங்க கேசட்டையும் கொண்டுவந்தார். அப்போ எனக்கு 19 வயசு. எங்க பங்குச் சர்ச்சுப் பாடகர் குழுவில நாங்களும் சரியா அஞ்சு பேர்தான்.

அதில ‘ஆல் ஆர் நத்திங்’ பாட்டைத்தான் நாங்க உசிரா நினைச்சோம். காதலிக்க மனசில இன்னொருத்தன் இருக்கான்னு அவ கண்ணைப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டவன், “முழுசா என்கூட இரு, இல்லேன்னா வேண்டாம்”னு கேக்குற பாட்டு. இங்கிலீஷ் பாதிதான் வெளங்கும். ஆனா அஞ்சு குரலும் சேருற இடம் வந்தா உடம்பு சிலிர்க்கும். ஒரு வரி ஓட்டி, நிப்பாட்டி, எவனுக்கு எந்தப் பார்ட்டுன்னு பிரிச்சு, மறுபடி ஓட்டி, ரெண்டு மாசம் பழகினோம். வெடியக்காலம் நாலு மணிக்குத் தலையில லைட்டைக் கட்டி ரப்பர் பால் வெட்டப் போகும்போ, நான் ஒரு வரிசை மரத்தில பாடுவேன், ரெண்டு வரிசை தள்ளி இன்னொருத்தன் கீழ்க்குரல் போடுவான். திருப்பித் திருப்பி ஓட்டி, கடைசிப் பல்லவி வர்ற இடத்தில டேப்பு இழுபட்டுப் போச்சு. அந்த ஒரு சொல்லு மட்டும் அலை அடிச்ச மாதிரி ஆடும்.

இந்த வருஷம் திருவிழா ஒன்பதாம் நாள் கலைநிகழ்ச்சியில பழைய குழு பாடணும்னு பங்கில கேட்டிருக்காங்க. ஆனா அஞ்சாவது ஆள் மஸ்கட்ல. லீவு இல்லை. அவந்தான் மேல்குரல்.

எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். அவ்வளவு நல்லாப் பாடின குழு ஏன் மூணு வருஷத்தில முடிஞ்சுது? அவங்களும் பிறகு நாலு பேரா நின்னு பாடினாங்கன்னு கேள்விப்பட்டேன். அப்படின்னா அஞ்சு பேர் பாட்டை நாலு பேர் எப்படிப் பிரிக்கிறது?

---

வடசேரி வாசி

தம்பி, அதெல்லாம் டிவிக்காகச் செஞ்ச குழு. டிவி போச்சு, குழுவும் போச்சு. திருவிழாவுக்கு வேற நல்ல பாட்டு எடுங்க.

---

பழைய கேசட்கடை (மார்த்தாண்டம்)

வடசேரி அண்ணன் சொன்னதில பாதிதான் சரி. மீதியை நான் சொல்றேன். 90கள்ல இருந்து பத்து வருஷம் ரெக்கார்டிங் கடை வச்சிருந்தேன். பையன்மாரு பாட்டு லிஸ்டை நோட்டுத் தாள்ல எழுதிக்கொண்டு வருவாங்க, 60 நிமிஷம் 90 நிமிஷம் காலி கேசட்ல ஏத்திக் குடுப்பேன். ஓ-டவுன் பாட்டையும் நிறைய ஏத்தியிருக்கேன்.

அமெரிக்காவில ஆர்லாண்டோன்னு ஒரு ஊர். பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ், என்சிங்க்னு ரெண்டு பெரிய பாய் பேண்டும், அதாவது பையன்மாரு மட்டும் பாடுற குழுவும், அங்கதான் உருவானாங்க. ரெண்டு குழுவுக்கும் பணம் போட்டவர் லூ பெர்ல்மன். பாடினவனுக்கு வர வேண்டிய காசு வரலைன்னு பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் 1998ல அவர் மேல வழக்குப் போட்டாங்க, பிறகு என்சிங்கும் கோர்ட்டுக்குப் போனாங்க. அதுக்குப் பிறகும் அவர் புதுசா ஒரு குழு கட்டினார். ஆள் தேடுறதில இருந்து எல்லாத்தையும் கேமரா முன்னால வச்சு, 2000 மார்ச்சில ஏபிசி சானல்ல ‘மேக்கிங் த பேண்ட்’னு தொடரா ஓட்டினாங்க. எட்டுப் பேரை ஒரே வீட்டில தங்கவச்சு, அதில அஞ்சு பேரை எடுத்தாங்க. எடுத்த அஞ்சில ஒருத்தர், ஹவாய்க்காரர் இகைக்கா கஹோவானோ, தானே விலகிட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் டேன் மில்லர். மத்த நாலு பேர் ஆஷ்லி பார்க்கர் ஏஞ்சல், எரிக் மைக்கேல் எஸ்ட்ராடா, ட்ரெவர் பெனிக், ஜேக்கப் அண்டர்வுட். குழுவுக்குப் பேரே ஆர்லாண்டோவில இருந்து எடுத்ததுதான்.

கிளைவ் டேவிஸ்னு பாட்டுக் கம்பெனி நடத்துற பெரிய ஆள் அப்போதான் ஜே ரெக்கார்ட்ஸைத் தொடங்கியிருந்தார். அந்தக் கம்பெனிக்க முதல் பாட்டே இவங்க ‘லிக்விட் ட்ரீம்ஸ்’தான். அது பில்போர்டில, அதாவது அமெரிக்காவில எந்தப் பாட்டு முன்னால நிக்குதுன்னு போடுற பட்டியல்ல, 10ஆம் இடம். 2001 ஜனவரியில வந்த ஆல்பம் 5ஆம் இடம். நீங்க சொல்ற பாட்டு 3ஆம் இடம். எழுதினது வெய்ன் ஹெக்டரும் ஸ்டீவ் மேக்கும், வெஸ்ட்லைஃப்ங்கிற அயர்லாந்து பாய் பேண்டுக்குப் பெரிய பாட்டு எழுதிக் குடுத்த அதே ரெண்டு பேர். பழகினதிலேயே உங்களுக்கு வெளங்கியிருக்கும், அது லேசுப்பட்ட வேலை இல்லை.

அப்புறம் என்ன ஆச்சு? என் கடையிலேயே கண்ணால பாத்தேன். 2000ல லிஸ்ட் கொண்டுவந்த பையன் எழுதினதில பாதி பாய் பேண்ட் பாட்டு. 2002ல அதே பையன் வந்தா எல்லாம் ராப் பாடுற எமினெம், ராக் குழு லிங்கின் பார்க். காத்து மாறிட்டு. ரெண்டாவது ஆல்பம் 2002 நவம்பர்ல வந்துது, எடுபடலை. டிவி தொடர் ஏற்கெனவே எம்டிவி சானலுக்கு மாறியிருந்துது. அதே 2002ல அந்தத் தொடருக்க பேரை வச்சே வேற ஆள்களை வச்சு, வேற தயாரிப்பாளரை வச்சு அடுத்த குழுவைக் கட்டத் தொடங்கிட்டாங்க. இந்த அஞ்சு பேருக்கும் கீழ இருந்த தரையை உருவின மாதிரி. 2003ல பிரிஞ்சாங்க. டிவி செஞ்ச குழுன்னு ஒதுக்குறவங்க ஒண்ணு யோசிக்கணும்: ஆளைத் தேர்ந்தெடுத்தது டிவியா இருக்கலாம், அந்தக் குரலைச் சேத்துப் பிடிச்சது அந்தப் பிள்ளைங்கதான்.

பெர்ல்மன் கதை இதைவிடப் பெரிசு. முதலீடுன்னு சொல்லி ஆள்கள்ட்ட வாங்கின 30 கோடி டாலருக்கு மேல ஏமாத்தினது தெரியவந்து, இந்தோனேசியாவில பிடிபட்டார். 2008ல 25 வருஷத் தண்டனை, 2016ல காவலிலேயே இறந்தார்.

நீங்க கேள்விப்பட்டது உண்மைதான். பத்து வருஷம் கழிச்சு நாலு பேர் திரும்பச் சேர்ந்தாங்க, 2014ல புது ஆல்பமும் போட்டாங்க. ஆஷ்லி வரலை. அவர் இடையில தனி ஆல்பம் போட்டு, நியூயார்க் பிராட்வே மேடை நாடகத்துக்குப் போயிட்டார். அவர் இடத்துக்குப் புது ஆளை எடுக்காம நாலு பேராவே நின்னாங்க. அதில எனக்கு அவங்க மேல தனி மரியாதை.

---

ஆல்ட்டோ அக்கா (தக்கலை)

தம்பி, 26 வருஷமா கொயர்ல பார்ட் சொல்லிக் குடுக்குறேன். பயப்படாதீங்க. கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) நிக்க ச, க, ப மூணு சுரம் போதும். அஞ்சு பேர் பாடும்போ பெரும்பாலும் ரெண்டு பேர் ஒரே சுரத்தில இருப்பாங்க, இல்லேன்னா ஒருத்தர் மேல தனியா சங்கதி போடுவாங்க. முதல்ல அந்தச் சங்கதியை விட்டுருங்க. நாலு பேர்ல ஒருத்தர் மெட்டைப் பிடிக்கணும், மூணு பேர் பார்ட்டு. எங்கயாவது ஆள் குறைஞ்சா ‘ப’வை விடுங்க, காது அதைத் தானா நிரப்பிக்கும். ‘க’வை மட்டும் விட்டுறாதீங்க. அது போனா பாட்டு சிரிக்குதா அழுகுதான்னே தெரியாது.

மேல்குரல் எட்டலேன்னா கீபோர்டில டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கி அரைக் கட்டை இறக்குங்க. அதுக்கு முன்னால, நீங்க கேசட்ல படிச்ச சுருதி எதுன்னு பாருங்க.

---

பழைய கேசட்கடை (மார்த்தாண்டம்)

அக்கா சொன்னது முக்கியம். பழைய டேப்ரெக்கார்டர்ல பெல்ட் தளர்ந்தா வேகம் குறையும். நூத்துக்கு ஆறு பங்கு குறைஞ்சாலே அரைக் கட்டை இறங்கிரும். போன்ல அந்தப் பாட்டைப் போட்டு, உங்களுக்குப் பழகின சுருதியோட ஒத்துப் பாருங்க.

---

ரப்பர்காட்டுக் குரல் (அருமனை)

அக்கா, அண்ணாச்சி, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வடசேரி அண்ணனும் கோவிச்சுக்காதீங்க, வேற பாட்டு எடுக்க எங்களுக்கு மனசு வரலை.

நேத்து ராத்திரி ரப்பர் ஷீட் அடிச்சு முடிச்சிட்டு, மெஷின் பக்கத்திலேயே நாலு பேரும் நின்னோம். போனைப் போடுறதுக்கு முன்னால நாங்களா தொடங்கிப் பாடி, பிறகு போட்டுப் பாத்தோம். அண்ணாச்சி சொன்னது அப்படியே. நாங்க சரியா அரைக் கட்டை கீழ இருக்கோம். மாமாக்க டேப்ரெக்கார்டர் படிச்சுத் தந்த சுருதியில இத்தனை வருஷமா பாடிட்டு இருந்திருக்கோம். இந்த வயசில அதுதான் எங்களுக்கு வசதியாவும் இருக்கு. மேல்குரல் எனக்கே எட்டுது.

‘க’ யார் பிடிக்கிறதுன்னு அரை மணி நேரம் பேச்சு. கடைசியில டெம்போ வண்டி ஓட்டுறவன் பிடிச்சான், அக்கா. அவன் பிடிச்ச உடனே நாலு குரலும் பூட்டு விழுந்த மாதிரி நின்னுது.

பாடினதை ரெக்கார்ட் பண்ணி மஸ்கட்டுக்கு அனுப்பினேன். வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்து, ராத்திரி பன்னெண்டுக்கு மேல கூப்பிட்டான். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. பிறகு கேட்டான்: “கடைசிப் பல்லவியில அந்தச் சொல்லை ஆட்டித்தான பாடுறீங்க? டேப்பு இழுபட்ட இடம்?”

ஆமான்னு சொன்னேன்.

“அதை மாத்தாதீங்கலே”ன்னான்.